மூதூர் இறங்குதுறையில் ஆள் எண்ணிய கதை

இறங்குதுறை வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் லோஞ்ச் என்கிற இயந்திரப் படகில் ஏறத்தான் நிற்கிறார்கள் என்று நான் நம்பினேன். வேறு எதற்கு நிற்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைக் கேட்டேன். ஆனால் கேட்க வேண்டிய நேரத்துக்கு மூன்று கிழமை பிந்திக் கேட்டேன்.

எழுபதுகளின் கடைசிப் பகுதி. திருகோணமலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், பாத்திரக் கடை ஒன்றின் மேல்மாடி அறையில் எங்கள் ஆய்வுச் சங்கம் இருந்தது. அறையைவிடப் பெயர்ப்பலகை நீளம். அதன் கடைசி இரண்டு எழுத்துகள் பக்கத்து அறைத் தையல்காரரின் எல்லைக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் அதில் தைத்து முடித்த சட்டைகளைக் கொழுவி வைப்பார். மாகாணத்து மக்களுக்கு இடைஞ்சலாக இருக்கிற பொது விஷயங்களை ஆராய்ந்து, இப்படி மாற்றினால் நல்லது என்று அரசாங்கத்துக்கு அறிக்கை எழுதுவதுதான் சங்கத்தின் வேலை. அங்கே நான் காரியதரிசி, தட்டெழுத்தாளர், யன்னல் பூட்டுகிறவர், எல்லாம்.

இந்த வேலையை ஆட்களுக்கு விளங்கப்படுத்துவதுதான் பெரிய பாடு. மற்றச் சங்கங்கள் கிணறு வெட்டிக் கொடுக்கும், தையல் மெஷின் கொடுக்கும். எங்களிடமும் கேட்பார்கள்.

“நீங்கள் என்ன குடுக்கிறனீங்கள்?”

“அறிக்கை.”

“ஆருக்கு?”

“அரசாங்கத்துக்கு.”

“ஏன், அவையிட்ட இல்லாத கடதாசியோ?”

என் மனைவி அயலுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்: “இவருக்கு அரசாங்கத்துக்குப் புத்தி சொல்லுற வேலை. சந்தையில ஒரு நல்ல தேங்காய் பாத்து வாங்க ஏலாது.”

சங்கத்துக்குத் தலைவர் ஒருவர் இருந்தார். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தலைமை இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது உடம்பு மட்டும்தான். மனிதர் கனவிலும் கோவைகளுக்கு இலக்கம் போடுகிறவர். சங்கத்தின் ரப்பர் முத்திரையைக்கூட முட்டை வடிவில், நடுவில் விளக்குப் போட்டு, கச்சேரி முத்திரைக்கு ஒன்றுவிட்ட சகோதரம் மாதிரியே செய்வித்திருந்தார். எண்ணிக்கை, அட்டவணை எல்லாவற்றுக்கும் பொறுப்பாக ஒரு கணித ஆசிரியை இருந்தார். எங்களுக்கு அவர் ‘மிஸ்’. வயதில் எனக்கு இளையவர், அறிவில் இரண்டு பேருக்கும் மூத்தவர்.

எங்களுக்குச் சோறு போட்டது கடல் கடந்த ஒரு நன்கொடை அமைப்பு. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டால் பலகை முழுவதும் தையல்காரருக்கு. அந்த வருடம் நாங்கள் எடுத்த விஷயம் மூதூர் லோஞ்ச். காலையில் முதல் லோஞ்ச் மூதூரிலிருந்து எட்டு மணிக்குப் புறப்படும். நகரத்துக் கிளினிக்கில் புதன்கிழமை மட்டும் எலும்பு டொக்டர் வருவார். அவர் பார்க்கக்கூடிய அளவுக்குத்தான் காலையில் இலக்கத் துண்டு கொடுப்பார்கள். மூதூர், சம்பூர்ப் பக்கத்து ஆட்கள் குடாவைக் கடந்து வந்து சேரும்போது கடைசித் துண்டு சில நாள் இருக்கும், பல நாள் இராது. லோஞ்ச் ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும் என்பது எங்கள் சிபாரிசு. நன்கொடைக்காரர் எழுதினார்கள்: நல்லது, காலையில் எத்தனை பேர் அந்த லோஞ்சுக்கு நிற்கிறார்கள் என்று எண்ணிக் காட்டுங்கள், அதைப் பார்த்து அடுத்த வருடத்தைப் பற்றி யோசிப்போம்.

ஆள் எண்ணுவதற்கு நான் போனேன். மிஸ்ஸுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. தலைவருக்கு லோஞ்ச் என்றால் வயிறு பிரட்டும்.

மூதூர் இறங்குதுறைக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடை. கடைக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர், அண்ணன் என்ற அர்த்தத்தில் ‘காக்கா’ என்றுதான் ஊரே கூப்பிடும். அவர் எனக்குப் பின்னறையில் படுக்க இடமும், முன்னால் போட ஒரு மேசையும் கதிரையும் தந்தார். நான் மேசையை இறங்குதுறை வாசலிலேயே போட்டேன். சிவப்புத் துணிக்கட்டுப் போட்ட பெரிய பதிவுப் புத்தகம். ஊர் எது, எதற்குப் போகிறார்கள், இரண்டே கேள்வி. ஒருவரையே இரண்டு தரம் பதியக்கூடாது என்பதற்காக நான் சுயமாக ஒரு முறை கண்டுபிடித்தேன். பதிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சின்ன அட்டை. அதில் தலைவரின் முட்டை முத்திரை. மிஸ்ஸிடம் இதைச் சொல்லவில்லை. முடிவில் சொல்லி ஆச்சரியப்படுத்தலாம் என்று இருந்தேன். அதில் மட்டும் குறை வைக்கவில்லை.

முதல் நாள் ஒரு புதன்கிழமை. முதல் ஆளாக வந்தது சம்பூர்ப் பெண் ஒருவர். இடுப்பில் மூன்று வயதுப் பிள்ளை. பிள்ளையின் வலது காலில் முழங்காலுக்கு மேல்வரை மாவுக்கட்டு. அது வெட்டும் தவணை வந்துவிட்டதாம். பிள்ளை அந்தக் காலால் என் மேசையை டொக், டொக் என்று தட்டியது. நான் முத்திரை குத்திய அட்டையை நீட்டினேன்.

“எனக்கு இந்த அட்டை என்னத்துக்கு ஐயா? எனக்குத் துண்டு கிடைச்சாக் காணும்” என்று சொல்லிவிட்டு அவர் லோஞ்சில் ஏறினார்.

அட்டையை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். இதையும் நான் பிறகுதான் கவனித்தேன்.

முதல் நாள் ஒரு பக்கம்கூட நிரம்பவில்லை. மூன்றாம் நாள் ஒன்றரைப் பக்கம். இரண்டாம் கிழமை தொடங்கியதும் பக்கங்கள் பறந்தன. வரிசை தேத்தண்ணிக் கடையைத் தாண்டி, வலை காயப்போட்ட இடத்தையும் தாண்டி நின்றது. சம்பூரிலிருந்து மாட்டுவண்டியில் வந்தார்கள். இலங்கைத்துறையிலிருந்துகூட இரண்டு பேர் வந்தார்கள். எதற்குப் போகிறீர்கள் என்று கேட்டால் “ஆஸ்பத்திரிக்கு” என்று கண் வெட்டாமல் சொன்னார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எங்கள் சிபாரிசு எவ்வளவு சரி! லோஞ்ச்காரரும் நான் கடைசி ஆளைப் பதிந்து முடிக்கும்வரை மணி அடிக்காமல் காத்திருந்தார். மரியாதை தெரிந்த மனிதர் என்று அவரைப் பாராட்டி அறிக்கையில் ஒரு வரி எழுதினேன்.

இரண்டாம் புதனும் சம்பூர்ப் பெண் வந்தார். மாவுக்கட்டு ஊத்தையாகி, கரையில் கொஞ்சம் உடைந்திருந்தது.

“போன கிழமை துண்டு கிடைச்சுதோ?” என்று கேட்டேன்.

“எங்க கிடைச்சது? முடிஞ்சு போச்சு.”

“நல்லது” என்று என் வாய் சொல்லிவிட்டது. “நல்லது, அதை எழுதுறன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதுவதற்குப் பதிவுப் புத்தகத்தில் இடம் இருக்கவில்லை.

நன்கொடை அமைப்பின் பெண்மணி ஒருவர் அப்போது கொழும்புக்கு வந்து நின்றார். அந்தச் சனிக்கிழமையே இரண்டு கிழமைத் தொகையையும் கூட்டி, ‘மக்கள் வெள்ளம்’ என்று தலைப்புப் போட்டு, ஒருவரிடமும் காட்டாமல் அவருக்குத் தபாலில் அனுப்பினேன். மூன்றாம் கிழமை முடிந்து வெள்ளிக்கிழமை சங்கக் கந்தோருக்குத் திரும்பினால் தந்தி கிடந்தது. செவ்வாய்க்கிழமை வருகிறாராம். அந்த வரிசையைத் தன் கண்ணால் பார்க்க வேண்டுமாம்.

மிஸ் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். இரண்டு பக்கம் புரட்டினார்.

“அண்ணன், அந்த லோஞ்சில எத்தினை பேர் ஏறலாம்?”

சொன்னேன்.

“அப்ப மிச்சப் பேர் நீந்தியோ போனவை?”

“இல்லை மிஸ், அவை... இடமில்லாமல் நிண்டவை. அதுதானே எங்கட வாதம்.”

“லோஞ்சில இடம் இல்லாமல் போனதைக் கண்டனீங்களோ?”

நான் காணவில்லை. நான் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்க எனக்கு நேரமில்லை.

“ஒரு கிழமைக்குள்ள மூதூர் முழுக்க வருத்தம் எண்டால், லோஞ்சை விடுங்கோ, ஊருக்கே ஒரு ஆஸ்பத்திரி கேட்டு எழுதலாம்” என்றார் மிஸ். பிறகு பக்கத்துக்குள் செருகிக் கிடந்த அட்டையைத் தூக்கிப் பிடித்தார். “இது என்ன?”

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “மேற்படி தொகைகள் மீளாய்வுக்கு உட்பட்டவை எண்டு அடியில ஒரு வரி போடுவம்” என்றார்.

“என்ன எண்டு சேர்? சனம் மீளாய்வுக்கு உட்பட்டு நிண்டதெண்டோ?”

அடுத்த நாளே மூதூருக்கு ஓடினேன். காக்கா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன கிளாக்கர், உங்களுக்குத் தெரியாதா? பேரப் பதிஞ்சி, சீல் அடிச்சி, அட்டை குடுத்தா சனம் என்னெண்டு நினைக்கும்? மாவோ சீலையோ எதுவோ குடுக்கப் போறாங்கண்டுதான் நினைக்கும். அட்டை இல்லாம இந்த ஊர்ல எப்ப எதக் குடுத்தாங்க?”

“அப்ப எல்லாரும் ஆஸ்பத்திரி எண்டு சொன்னது?”

“சந்தைக்குப் போறம் எண்டா நீங்க மூஞ்சத் தொங்கப் போடுறீங்க. ஆஸ்பத்திரி எண்டா சிரிக்கிறீங்க. பாவம், ராப்பகலா எழுதுற மனிசன், சிரிச்சுப் போகட்டும் எண்டுதான் சென்னாங்க.”

பாணுக்கும் சீனிக்கும் வரிசையில் நின்ற காலம் முடிந்து சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. கூப்பன் புத்தகத்தோடு நானும் விடியப்புறம் நின்றவன். மேசை, புத்தகம், முத்திரை, அட்டை என்று நானே ஒரு கூப்பன் கடையை இறங்குதுறையில் திறந்துவிட்டு, சனம் ஏன் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்திருக்கிறேன். காக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெண்மணி வருகிறார், வரிசையைப் பார்க்க வருகிறார், தொகை பொய், நன்கொடை போகும், சங்கம் போகும், என் வேலை போகும். காக்கா தோளில் தட்டி, “யோசிக்காதீங்க” என்றார். அந்த ஒரு சொல்லில் நான் கொஞ்சம் பயந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை எனக்குக் காய்ச்சல் என்று படுத்தேன். மனைவி கழுத்தில் கை வைத்துப் பார்த்தாள்.

“பச்சைத் தண்ணி மாதிரி இருக்கிறியள்.”

“உள்காய்ச்சல்.”

“எழும்புங்கோ. வெள்ளைக்காரி உங்களைத் தின்னமாட்டா. தின்னுறதெண்டாலும் உங்களில என்ன கிடக்கு?”

எழும்பிச் சங்கத்துக்குப் போனேன். பெண்மணி நெட்டையானவர், பெரிய பனையோலைத் தொப்பி, கையில் ஒரு கொப்பி. மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உண்மையை இப்போதே சொல்லுவோம் என்றார். நானே நேரம் பார்த்துச் சொல்கிறேன் என்று கெஞ்சினேன். மத்தியானம் சாப்பாட்டில் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் நண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், குழப்பக்கூடாது. திருகோணமலை இறங்குதுறையில் வைத்து, கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, இன்று போக ஏலாது என்றேன். கடல் எண்ணெய் ஊற்றிவிட்ட மாதிரி அசையாமல் கிடந்தது. பெண்மணி அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், லோஞ்சில் ஏறினார். லோஞ்சில் சொல்லலாம் என்றால் இஞ்சின் சத்தம். அன்றிரவு மூதூரில் தங்கினோம். எல்லாருக்கும் நித்திரை வந்தது, என்னைத் தவிர.

புதன் காலை ஏழரைக்கு இறங்குதுறைக்கு வந்தோம். என் கால் இரண்டும் ஓடுவதற்குத் தயாராயின.

வரிசை பள்ளிவாசல் மூலைவரை நின்றது. அவ்வளவு பேரும் முழுகிச் சுத்தமாக உடுத்து, முத்திரை தெரியும்படி அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் தலையில் கட்டுக்கூடப் போட்டிருந்தார்கள். காக்கா வந்து என் காதுக்குள் சொன்னார்:

“நீங்க எழுதின கணக்குக்கு ஒரு ஆள் குறையக்கூடாதே கிளாக்கர். மூணு நாளாச் சனம் சேக்கன்.”

“காக்கா, என்னைச் சாகடிச்சுப் போட்டியள்.”

“என்ன, காணாதா?”

பெண்மணிக்கு முகமெல்லாம் மலர்ச்சி. இப்படி ஒரு தேவையைத் தான் எங்குமே கண்டதில்லை என்று மிஸ்ஸிடம் சொன்னார். மிஸ் கடலைப் பார்த்தார். எட்டு மணியாயிற்று. லோஞ்ச் தயாராக நின்றது. ஒரு ஏழு பேர் ஏறினார்கள். மற்றவர்கள் அட்டையை நீட்டிக்கொண்டு பெண்மணியைச் சுற்றி வந்தார்கள். லோஞ்சில் பாதிக்கு மேல் இடம் இருக்கிறதே, இவர்கள் ஏன் ஏறவில்லை என்று அவர் என்னைக் கேட்டார்.

மூன்று பொய்யைத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் எனக்கு அளவாக இல்லை.

அப்போது லோஞ்சுக்குள் இருந்து ஒரு குரல். சம்பூர்ப் பெண்.

“ஏறுற ஆக்கள் ஏறுங்கோ, இல்லாட்டி லோஞ்சை விடுங்கோ! ஐயா, உங்களைத்தான்! மூண்டு கிழமையா நீங்கள் எழுதி முடியுமட்டும் லோஞ்சைப் பிடிச்சு வைச்சிருக்கிறியள். முந்தியெண்டா எப்பவாவது ஒரு துண்டெண்டாலும் கிடைக்கும். நீங்கள் வந்ததுக்குப் பிறகு அதுவும் இல்லை. இந்தப் பிள்ளையின்ர காலைப் பாருங்கோ, கட்டுக்குள்ள புண் வைச்சிட்டுது!”

பிள்ளை காலால் பலகையைத் தட்டவில்லை. தாயின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தது. மாவுக்கட்டு சாம்பல் நிறத்தில் இருந்தது.

லோஞ்ச் பிந்துகிறது என்று அறிக்கை எழுதப் போனவன், அந்த லோஞ்சை நானே நாளுக்கு முக்கால் மணித்தியாலம் பிந்த வைத்திருக்கிறேன். அந்த மரியாதை தெரிந்த லோஞ்ச்காரர், நான் ஏதோ அரசாங்க உத்தியோகத்தன் என்று பயந்து நின்றிருக்கிறார்.

பெண்மணியிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அட்டை, மா, சீலை, ஆஸ்பத்திரி என்று சொன்னால் நான் சிரிப்பது, இன்றைய வரிசை, நேற்றைய கொந்தளிப்பு. விட்ட இடங்களை மிஸ் நிரப்பினார். பெண்மணி சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. கொப்பியில் எழுதினார். பிறகு, “கிளினிக் எங்கே?” என்று கேட்டுவிட்டு லோஞ்சில் ஏறினார். நான் லோஞ்ச்காரரைப் பார்த்து, இனி எனக்காக நிற்க வேண்டாம், விடுங்கோ என்றேன்.

கரையில் காக்கா கையை ஆட்டி, “ஏதும் குறையா?” என்று கத்திக்கொண்டே நின்றார்.

கிளினிக் யன்னலடிக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது துண்டு கொடுக்கிறவர் யன்னலை மூடிக்கொண்டிருந்தார்.

“முடிஞ்சுது. வாற புதன் வாங்கோ.”

சம்பூர்ப் பெண் நாலாவது தரமாகக் கேட்கிற சொல் அது. அவர் திரும்பியபோது நான் யன்னலுக்குள் கையை விட்டுவிட்டேன். விரல் நசுங்கியது. மற்றக் கையால் பையைத் துழாவினால் மிச்ச அட்டைகள் அகப்பட்டன. யன்னல் விளிம்பிலேயே வைத்து ஏழு பேருக்கும் ஊர் எழுதி நீட்டினேன். சம்பூர்ப் பெண்ணிடமும் ஒன்றை நீட்டினேன்.

“இப்ப தாங்கோ” என்று வாங்கினார்.

யன்னல்காரர் முத்திரையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். “மூதூர் ஆக்களுக்கு அட்டை முறை வந்திட்டுதோ? ஒருத்தரும் எங்களுக்கு அறிவிக்கேல்லையே.”

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் காரியம் முடிந்தது. நசுங்கிய விரலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“இல்லை ஐயா” என்றேன். “அப்பிடி ஒரு முறையும் இல்லை. இது நாங்களாகச் சும்மா அடிச்ச சீல். ஆனால் இவை ஏழு பேரும் எட்டு மணி லோஞ்சில வந்தவை. அதுக்கு முந்தி வர லோஞ்ச் இல்லை. அது மட்டும் உண்மை.”

“சும்மா அடிச்சதோ?” அவருக்கு நம்ப மனமில்லை. “இவ்வளவு வடிவான சீல்!” அட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் ஏழு துண்டோடு வந்தார். “டொக்டர் பாக்கிறாராம். இனிப் புதன் புதன் லோஞ்சில இத்தினை பேர் வருகினம் எண்டு முதல் நாளே ஒரு லிஸ்ட் தந்தால், அவைக்குத் துண்டு பிடிச்சு வைக்கட்டாம். லிஸ்டில அந்தச் சீலும் அடிச்சு விடுங்கோ. பாக்க நல்லாயிருக்கு.”

கிளினிக் வாங்குப் பலகையில் இருந்தபடி பெண்மணி என்னைக் கூப்பிட்டார். இதை அறிக்கையில் எழுதும்படி சொன்னார்.

“எதை?”

“எல்லாவற்றையும்.”

பிறகு மிஸ் பள்ளிக்கூடத்தில் லீவு எடுத்து மூன்று கிழமை எண்ணினார். மேசை இல்லை, புத்தகம் இல்லை, முத்திரை இல்லை. திருகோணமலைப் பக்கம் நின்று, லோஞ்சிலிருந்து ஒருவர் இறங்க ஒரு புளியங்கொட்டையைக் கைப்பையின் ஒரு பக்கத்திலிருந்து மற்றப் பக்கத்துக்கு மாற்றினார். ஒரு நாளைக்கு வந்த தொகை என் முதல் நாள் பக்கத்தைக்கூட நிரப்பாது. தலைவர் அதற்குக் கீழே ‘மீளாய்வுக்கு உட்பட்டது’ என்று எழுதப் பார்த்தார். மிஸ் பேனையை வாங்கி வைத்துக்கொண்டார். என் அட்டைக் கதை ஐந்து பக்கத்தில் பின்னிணைப்பாகப் போனது.

லோஞ்ச் நேரம் மாறவில்லை. நான் அந்தக் கந்தோரில் இருந்த கடைசி நாள்வரை அது எட்டு மணிக்கே புறப்பட்டது. செவ்வாய்க்கிழமைகளில் காக்கா தன் கடையில் வைத்துப் பெயர் எழுதி அனுப்ப, நான் முத்திரை குத்திக் கிளினிக்கில் கொடுத்தேன். மூதூர்த் துண்டுகளைப் பிடித்து வைத்தார்கள். மிஸ் எண்ணிய தொகையின் பேரில் நன்கொடை ஒரு வருடத்துக்குப் புதுப்பிக்கப்பட்டது. பிள்ளையின் மாவுக்கட்டை அந்தப் புதன்கிழமை பதினொரு மணிக்கு வெட்டினார்கள். புண் ஆற இன்னும் மூன்று புதன்கிழமை எடுத்தது.